மீசையில்லாத அருளப்பன்

‘12 மார்ச் 2041, செவ்வாய். இன்று தெரிந்த முகத்தைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.’

மாலை வகுப்பு தொடங்குமுன் நாட்குறிப்பில் இந்த வரியை எழுதிவிட்டு முல்லைக்கொடி பேனாவை மூடினாள். பயங்கரவாதத்தைத் தடுக்க நாடுகள் எல்லாம் கைகோத்த பிறகு, எந்த விமான நிலையத்தில் முகம் சரிபார்க்கும் இயந்திரம் யாரைச் சந்தேகித்தாலும், அவருடைய ஊரில் அக்கம்பக்கத்தார் ஒருவரைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. மதியம் லிஸ்பனிலிருந்து அவளுக்கு ஒரு படம் வந்தது. மீசையில்லாத முகம். நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். உறுதியாகத் தெரியாததைச் சொல்லக் கூடாதே என்று ‘தெரியாது’ என்பதை அழுத்தினாள்.

மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த மேல்வீட்டு அருளப்பனை அந்த ஒரு சொல் திருப்பி அனுப்பியிருக்கும். ஆனால் அங்கிருந்த அதிகாரி மார்த்தா அத்தோடு விடவில்லை. காணொளியில் அழைத்தார். “அவர் பேசுவதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்” என்று கைப்பேசி அவர் சொன்னதைத் தமிழில் சொன்னது.

“ஏம்மா முல்லை, மோட்டார நிறுத்த மறந்து மாடியெல்லாம் வெள்ளமாக்குனியே, அன்னிக்குக் கத்துனது யாரு?”

“ஐயோ மாமா, நீங்களா! மீசை எங்க?”

“பொறக்கப்போற புள்ள பயந்துடக் கூடாதுன்னு எடுத்தேன். நீ பயந்துட்ட.”

மார்த்தா சிரித்துக்கொண்டே அவருக்கு வழிவிட்டார். முல்லைக்கொடி நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் திரை அணைந்துவிட்டது.

அவள் பேனாவை மறுபடியும் திறந்தாள்.

‘மார்த்தாவுக்கு நன்றி. முகம் தெரியாத ஒருவருக்காக இன்னொரு முறை கேட்டார்.

நாளை காலை தொட்டிக்கு மோட்டார் போட வேண்டும். அருளப்பன் மாமாவின் முறை அது. நிறைந்ததும் நிறுத்த வேண்டும்.’