பதிவுக் குரல்

கடல் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் கைப்பேசியில் ராடார் படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். சந்தேகமே இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம்தான் வருகிறது. பொழுது சாய்வதற்குள் கொட்டிவிடும்.

மாசி மாதம். அங்கே களமெல்லாம் மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். நனைந்தால் வெளுத்துப்போகும். வெளுத்த வத்தலை வியாபாரி கையால்கூடத் தொடமாட்டான்.

யாராவது அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

போன மார்கழி வரை இதுதான் அவள் வேலை. வேளாண் வானிலை மையத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மைக். மேகத்தைப் பார்த்துவிட்டு, செய்ய வேண்டியதை அவள் பேசிப் பதிவு செய்வாள். அது சுற்றுவட்டார விவசாயிகளின் போன்களுக்கெல்லாம் அழைப்பாகப் போகும். எடுத்தால் அவள் குரல்.

பிறகு நிதி நெருக்கடி என்றார்கள். கஜானா காலி என்றார்கள். எந்தச் செலவைக் குறைப்பது என்று எங்கெங்கோ தேடி, கடைசியில் அவளுடைய மைக்கைக் கண்டுபிடித்தார்கள்.

மையத்துக்குப் பூட்டு. அவளுக்கு ஒரு சால்வை.

அந்தச் சேமிப்பில் நாடு நிமிர்ந்துவிட்டதா என்று தெரியவில்லை. பரமக்குடியில் இந்த மாடி அறையில் அவள் மட்டும் மிச்சமானாள். வேலை போனதை ஊரில் இருக்கும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்றதுதான் இன்றைக்கு அவள் பேசிய பேச்சு.

பேச ஆளில்லாமல் இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

விவசாயிகளின் எண்களெல்லாம் மையத்துக் கணினியோடு போயின. எப்போதோ சந்தேகம் கேட்டு அவளையே கூப்பிட்ட மூன்று பேரின் எண்கள் மட்டும் கைப்பேசியில் இருந்தன.

முதல் ஆளை அழைத்தாள். பெயரைச் சொல்வதற்குள் அவர், "லோனெல்லாம் வேண்டாம்மா" என்று வைத்துவிட்டார்.

இரண்டாவது ஆள் கொஞ்சம் காது கொடுத்தார்.

"அந்த சென்டரத்தான் மூடிட்டாகளே. நீங்க யாரு, என் பேரு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவரும் வைத்துவிட்டார். திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை.

கோபப்படவும் முடியாது. தெரியாதவர்கள் போனில் எது சொன்னாலும் நம்பாதீர்கள் என்று அவளே ஒருமுறை பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள். நன்றாகவே பேசியிருக்கிறாள் போல.

மிச்சம் இருந்தது வழிவிட்டான் என்ற பெரியவர்.

மணி அடித்தது. எடுத்தார்.

"அலோ, யாரு?"

யார் என்று சொன்னால் இவரும் வைத்துவிடுவார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மைக் இருந்த இடத்தைப் பார்ப்பதுபோலச் சுவரைப் பார்த்தாள்.

"வணக்கம். வேளாண் வானிலை மையத்தின் செய்தி. இன்று மாலை ஆறு மணிக்குள் இடியுடன் கனமழை பெய்ய வாய்ப்பு உள்ளது. மிளகாய் விவசாயிகள் களத்தில் காயும் மிளகாயை உடனே குவித்து, தார்ப்பாயால் மூடவும். இந்தச் செய்தியை மீண்டும் கேட்க எண் ஒன்றை அழுத்தவும்."

கடைசி வரி பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் வைக்கவில்லை.

"ஏ பூமயிலு, மழ வருதாம்டி. தார்ப்பாய எடு." மனைவியைக் கூப்பிடுகிறார். "எத்தன மணிக்குன்னு சொல்லுச்சு? இரு, கேப்போம்."

காதுக்குள் ஒரு பீப்.

ஒன்றை அழுத்தியிருக்கிறார்.

அவள் முதலிலிருந்து சொன்னாள். அதே வார்த்தைகள், நிறுத்திய இடங்களில் நிறுத்தி. இல்லாத மையத்தின் பெயரையும் விடாமல் சொன்னாள். மனுஷியை யாரும் நம்பவில்லை. மெஷினை நம்பிவிட்டார்கள்.

போனைக் கட்டிலில் போட்டுவிட்டு அவர் ஓடுவது கேட்டது. பதிவுச் செய்தி முடிந்தால் அழைப்பு தானாகவே துண்டாகும். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

துண்டிக்க வேண்டியவள் அவள்தான்.

துண்டிக்கவில்லை.

தரையில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு வீட்டுக்குள் இருந்தாள்.

மிளகாயைக் கூட்டித் தள்ளும் சரசரப்பு. நெடி ஏறித் தும்மினார்கள், அவர் ஒன்று, பூமயில் ஒன்று. நாய் குரைத்தது. "அந்த மூலையப் பிடி. கல்லு வையி. காத்து வருது பாரு." எங்கோ தகரம் அடித்துக்கொண்டது.

பிறகு மழை.

தார்ப்பாயில் அது இறங்கிய சத்தம் போன் வழியாக அவள் அறையை நிறைத்தது.

"பொழச்சோம்டி," என்றார் வழிவிட்டான், மூச்சு வாங்க.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலடிகள் கட்டிலருகே வந்தன. யாரோ போனைக் கையில் எடுத்தார்கள்.

"ஏங்க, இது இன்னும் ஓடிக்கிட்டுல்ல இருக்கு." பூமயிலின் குரல்.

"அமத்திப் போடு. அதான் மழ வந்துருச்சே."

"இருங்க. இன்னொருக்கா கேட்டுக்கிறேன். அந்தப் புள்ள கொரலக் கேட்டு எம்புட்டு நாளாச்சு."

பீப்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். குரல் கம்மக் கூடாது. ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

"வணக்கம்," என்றாள். "வேளாண் வானிலை மையத்தின் செய்தி. இன்று மாலை ஆறு மணிக்குள் இடியுடன் கனமழை பெய்ய வாய்ப்பு உள்ளது."