ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை

புயல் வருகிறதென்று கல்லூரி அலுவலகத்தைப் பூட்டினார்கள். கம்ப்யூட்டர்களுக்கு உறை போட்டு, ஃபைல்களை பீரோ மேல் ஏற்றி, கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியை ஒரு மணல் மூட்டையால் அடைத்துவிட்டுப் போனார்கள்.

இரை தேடிப் போயிருந்த பூனை தூறலில் திரும்பி வந்தது. அந்த இடைவெளிதான் அதற்கு வாசல்.

“அண்ணே, கொஞ்சம் நகருங்க. பீரோவுக்கு அடியில என் குட்டிங்க மூணும் இருக்கு. இன்னும் கண்ணே திறக்கல.”

“ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு,” என்றது மூட்டை.

“நான் என்ன தண்ணியா?”

“நனைஞ்சுதானே வந்து நிக்கிறே?”

மேலே தொங்கிய பூட்டு சிரித்தது. “முன்னேற்பாட்டுப் பட்டியலை இங்கேதான் சத்தமா வாசிச்சாங்க. அதுல குட்டின்னு எதுவும் இல்லையேம்மா.”

பூனை பிராண்டிப் பார்த்தது. சாக்கு கிழியவில்லை. உள்ளே குட்டிகள் கத்தின.

மழை வலுத்தது. வாசலில் ஏறிய தண்ணீரை மூட்டை நெஞ்சு கொடுத்துத் தடுத்தது. அலுவலகத்துக்குள்ளோ கழிவறைக் குழாய் வழியாகத் தண்ணீர் பொங்கி வந்தது. அது வெளியேற இருந்த ஒரே வழியில் மூட்டை உட்கார்ந்திருந்தது.

“அண்ணே, உள்ளே தண்ணிச் சத்தம் கேக்குது!”

“என்னைத் தாண்டி எதுவும் போகல. சும்மா பயப்படாதே.”

மறுநாள் வெயில் வந்தது.

“பார்த்தியா? ஒரு சொட்டு விட்டேனா?” என்றது மூட்டை.

பூனை கதவில் காதை வைத்தபடியே இருந்தது. உள்ளே குட்டிகளின் சத்தம் அடங்கி வெகு நேரமாகியிருந்தது. அதன் மடியில் பால் கட்டி வலித்தது.