ரோட்டர் டப்பா

இந்த அம்மா மாதிரி ஒருத்தி எனக்கு வாய்த்திருந்தால், நான் என்றைக்கோ சந்நியாசம் வாங்கியிருப்பேன்.

பழைய கார்களை வாங்க, விற்க ஆள் பிடித்துக் கொடுப்பது என் தொழில். போன மாதம் அந்த அம்மாவே போன் செய்து வரச் சொன்னார். கேட்டுக்குள் கால் வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க தம்பி. முதல்ல அந்தக் கப்பலை இங்கேருந்து கிளப்புங்க. ஷெட்டுல இருக்கிற இரும்புக் குப்பையையும் ஒண்ணு விடாம அள்ளிட்டுப் போயிடணும்."

ஷெட்டுக்குள் போனேன். நடுவில் கறுப்புக் கார். வயசு என் தாத்தா வயசு, பளபளப்பு மட்டும் நேற்று வாங்கியது போல. சுற்றிலும் ரேக்குகள். ஹெட்லைட், ஹாரன், கதவுக் கைப்பிடி, டப்பா டப்பாவாகச் சின்னச் சின்னச் சாமான்கள்.

"ஒரு வண்டிக்கு எதுக்கும்மா இவ்வளவு?"

"அதை அவர்கிட்ட கேளுங்க. ஹாரன் மட்டும் ஆறு இருக்கு. மனுஷனுக்கு வாய் ஒண்ணுதானே? வீட்டுல ஒரு வேலை ஓடாது தம்பி. 'டார்ச்சைப் பிடி', 'துணியைக் குடு', 'நட்டு எங்க உருண்டுச்சு பாரு'. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாலும் நான் வந்து இவருக்கு டார்ச் பிடிக்கணும்."

'அவர்' பக்கத்திலேயே நின்றிருந்தார். ரிடையரான கணக்கு வாத்தியார். கையில் ஷெட் சாவி.

"ஐயா, உங்களுக்குச் சம்மதம்தானே?"

"நெஞ்சுல ஆபரேஷன் ஆயிடுச்சு தம்பி. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா இவ இதையெல்லாம் எடைக்குத்தான் போடணும். இருக்கும்போதே நல்ல கைக்குப் போயிட்டா நிம்மதி."

"இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றார் அந்த அம்மா.

வாத்தியார் ஷெட்டைப் பூட்டி, சாவியைக் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டு, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு மனசே சரியில்லை. இப்படியுமா ஒரு பொம்பளை?

போன ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். பல் டாக்டர். பழைய வண்டியென்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேரம் ஐந்தே நிமிஷத்தில் படிந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டிடுங்க."

வாத்தியார் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை ஒரு முறை தடவினார். சாவியைத் திருப்பினார். வண்டி இருமியதே தவிர, கிளம்பவில்லை. மறுபடியும் திருப்பினார். அதே இருமல்.

"பாத்தீங்களா? நேரம் பாத்துக் காலை வாரிடுச்சு" என்றார் அந்த அம்மா.

டாக்டர் பானெட்டைத் தூக்கினார். ஒரு கறுப்பு மூடியைக் கழற்றி, சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ரோட்டரைக் காணோமே."

ரோட்டர் என்பது கட்டைவிரல் அளவு சாமான். அது இல்லாவிட்டால் இன்ஜினுக்குள் பொறி வராது. தானாகக் கழன்று விழுகிற பொருளும் இல்லை. யாரோ மூடியைத் திறந்து எடுத்திருக்க வேண்டும்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வாத்தியாரை ஓரமாக இழுத்தேன்.

"என்ன ஐயா இது? விக்க மனசில்லைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே. டாக்டர் எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கார்?"

"சத்தியமா நான் எடுக்கலை தம்பி. இருங்க, ரேக்குல ஒரு டப்பா நிறைய ரோட்டர் இருக்கு."

போய்ப் பார்த்தார். டப்பாவே இல்லை. அது இருந்த இடத்தில் தூசி நடுவே வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது.

வாத்தியார் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அட, இதுக்கா கவலைப்படுறீங்க?" என்றார் டாக்டர். "என் பையில எப்பவும் ரெண்டு ரோட்டர் கிடக்கும். போய் எடுத்துட்டு வந்துடறேன்."

பாவம், அந்த அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. இந்தப் பைத்தியம் தன் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தார்.

"வேண்டாம் டாக்டர்" என்றார். "நான்தான் எடுத்தேன். டப்பா தையல் மெஷின் டிராயர்ல இருக்கு. வண்டியைக் குடுக்கிறதா இல்லை."

வாத்தியார் வாயைப் பிளந்தார். "நீயா? ரோட்டர் எங்க இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷமா டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டா நின்னேன்?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பானெட்டை மூடினார். "என் வீட்டம்மா உங்களுக்கு மாலையே போடுவாங்க. இன்னொரு வண்டியோட வந்தா என்னையும் உள்ள விடமாட்டேன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

என் கமிஷன் போச்சு. நியாயமாக எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். ஆனால் தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது. வாத்தியாரோ டப்பாவை வாங்கிக்கொண்டு சின்னப் பையன் போல ஷெட்டுக்குள் ஓடிவிட்டார்.

வாசலில் அந்த அம்மாவிடம் சொன்னேன்: "உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்மா. ஐயாவுக்காக இவ்வளவு தூரம்..."

"அவருக்காக எடுத்தேன்னு யார் சொன்னா?"

நான் விழித்தேன்.

"ஏய், அந்த டார்ச்சைக் கொண்டு வா" என்று ஷெட்டிலிருந்து சத்தம் வந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றியபடியே அந்த அம்மா சொன்னார்:

"ஷெட்டைப் பூட்டின நாள்லேருந்து, இந்த மனுஷன் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடலை தம்பி."