தங்கச்சிக்கு மட்டும்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

“என் தங்கச்சிக்கு மட்டும் இது தெரியவே கூடாது மேடம்!”

மரபணு ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து யார் யாருடைய கண்ணீரையோ பார்த்துப் பார்த்து உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தது. எதிரே இருந்தவள் இரட்டையரில் மூத்தவள். மேசையில் அவர்களுடைய குடும்ப வழியைக் காட்டும் வரைபடம். அம்மா, பெரியம்மா, பாட்டி என்று, இறந்துபோனதைக் காட்டக் குறுக்கே கோடு போட்ட வட்டங்கள்.

“அம்மாவுக்கு இருந்த அதே மரபணுக் கோளாறு உங்களுக்கும் இருக்கு. புற்றுநோய் வந்துடுச்சுன்னு அர்த்தமில்லம்மா. வர வாய்ப்பு அதிகம். வருஷா வருஷம் பரிசோதனை பண்ணிக்கிட்டா முளையிலேயே பிடிச்சிடலாம். ஆனா, நீங்க ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சு பிறந்தவங்க. உங்களுக்கு இருந்தா அவங்களுக்கும் இருக்கும்.”

“அவளா? கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே கட்டில்மேல ஏறி நிக்கிறவ! அம்மா போனதிலிருந்து சோறு தண்ணி இல்லாமக் கிடந்தா. இப்பதான் கொஞ்ச நாளா சிரிச்சுப் பேசுறா, என்னை சினிமாவுக்கெல்லாம் இழுத்துட்டுப் போறா. அதுல நான் மண்ணள்ளிப் போடவா?”

“ஒரு தடவை ரெண்டு பேரும் உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசுங்க. இல்ல, நான் பேசட்டுமா?”

“நீங்க வாயே திறக்கக் கூடாது!”

“உங்க அனுமதி இல்லாம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என் வேலை அப்படி. ஆனா எத்தனை நாள் தனியாச் சுமப்பீங்க?”

“முந்திக்கிட்டுப் பொறந்தேன்ல, அனுபவிக்கிறேன்.”

கைப்பேசி ஒலித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்தாள். “சொல்லுடி எருமை! நானா? துணிக்கடையில இருக்கேன். உனக்குத்தான் பார்க்கிறேன், எதுவும் உன் மூஞ்சிக்குப் பொருந்தல!”

கலகலவென்று சிரித்தாள். கன்னத்து ஈரத்தைத் துடைத்தபடி, சிரிப்பு மாறாமல் வெளியேறினாள்.

ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார். போன மாதம் தங்கை தனியாக வந்து, தன் பரிசோதனை முடிவைக் கேட்டு அழுது தீர்த்துவிட்டு, “அக்கா தாங்க மாட்டா மேடம், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

உங்கள் வீட்டில் யாரும் ஒளிந்து அழ நேராமல், எல்லோரும் நோய்நொடியின்றி நன்றாயிருங்கள் கண்ணுகளா.