பூண்டு தூக்கலாக

“பாஸ்தாவுல பூண்டு தூக்கலா இருக்கட்டும். கார்லிக் பிரெட்டும் ஒண்ணு. அதுலயும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க” என்று சர்வரிடம் சொல்லிவிட்டு மெனு கார்டை மூடினாள் மனைவி.

கதாநாயகனுக்குப் பகீரென்றது. கதாநாயகன் என்றால் மேடையில் மட்டும்தான். மற்ற நேரத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சீனியர் கிளார்க். இன்னும் ஒரு மணி நேரத்தில் எதிர்த்த அரங்கத்தில் அவருடைய நாடகம்.

“என்ன விளையாடறியா? கடைசி சீன்ல அந்தப் பொண்ணு முகத்துக்கு நேரா நின்னு வசனம் பேசணும்!”

“பேசுங்க. யாரு வேண்டாம்னா?”

“வாயைத் திறந்தா அவ ஓடியே போயிடுவா.”

“அதையும்தான் பார்ப்போமே.”

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. போன வாரம் அதே சீனில் கதாநாயகி திடீரென்று அவர் தோளில் சாய்ந்தாள். சாய்ந்தவள் கொஞ்ச நேரம் நிமிரவும் இல்லை. அரங்கம் கைதட்டித் தீர்த்தது. முன் வரிசையில் இருந்த மனைவி மட்டும் தட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: “அவ ஏன் சாஞ்சா? ஒத்திகையில அப்படி இல்லையே?”

அவருக்கு வசனம் சொல்லிக் கொடுப்பதே அவள்தான். மொத்த நாடகமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

“அதெல்லாம் நடிப்புல தானா வர்றது. உனக்குப் புரியாது” என்று சமாளித்தார். ஆனால் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. பாதித் தலை வெளுத்த பிறகும் தன்மேல் சந்தேகப்பட வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாள் என்றால் எந்த ஆணுக்குத்தான் கசக்கும்?

அது புது மாதிரி இத்தாலிய ரெஸ்டாரண்ட். சமையலறைக்குச் சுவரே கிடையாது, கண்ணெதிரே வதக்குகிறார்கள். முறம் மாதிரி தட்டின் நடுவில் கையளவு பாஸ்தா வந்தது. வாசனை மட்டும் பக்கத்து டேபிள் வரை போனது.

“ம், சாப்பிடுங்க.”

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். நாடக ஒத்திகை ஆரம்பித்த நாளிலிருந்து பூண்டையே தொடாமல் நாக்கைக் கட்டிப் போட்டிருந்தவர், கடைசித் துண்டு பிரெட்டால் தட்டை வழித்தே விட்டார்.

“இதே மாதிரி இன்னொண்ணு பார்சல்” என்றாள் மனைவி.

“யாருக்கு?”

“சொல்றேன், நடங்க.”

மேக்கப் ரூமில் கதாநாயகி பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். துணிக்கடை வேலை முடிந்து நேராக ஓடி வந்தவள்.

“பெரிய தப்பு நடந்து போச்சும்மா” என்றாள் மனைவி. “இந்த மனுஷன் நாக்கை அடக்க முடியாம பூண்டை ஒரு பிடி பிடிச்சுட்டு வந்துட்டார்.”

நானா என்று கேட்க வாயைத் திறந்தவர், வாடை ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

கதாநாயகி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஐயோ சார்! கடைசி சீனை நான் எப்படிப் பண்றது?”

“நீயும் சாப்பிட்டுட்டா ஒருத்தர் வாடை இன்னொருத்தருக்குத் தெரியாது. எங்க மானத்தைக் காப்பாத்தும்மா” என்று பார்சலை நீட்டினாள்.

“நான் சாப்பிட்டுட்டேனே அக்கா...” என்று இழுத்தவள், “சரி, சாருக்காகத்தான்” என்று வாங்கிக்கொண்டாள்.

முதல் வாய் மெதுவாகப் போனது. அப்புறம் அவள் நிமிரவே இல்லை. டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள்.

“அன்னைக்கு அவ சாயலைங்க. பசி மயக்கம். மேக்கப் போடற அம்மா சொன்னாங்க, மத்தியானச் சாப்பாடே கிடையாதாம். மறுநாளே பிஸ்கட் நீட்டினேன், சாப்பிட்டாச்சுன்னுட்டா. சும்மா குடுத்தா வாங்கற பொண்ணு இல்ல.”

கதாநாயகனின் குறுகுறுப்பு போன இடம் தெரியவில்லை. தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது, மனைவியை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. மெல்லக் கேட்டார்:

“நாளைக்கும் ஷோ இருக்கே?”

“நாளைக்கும் உங்களுக்குப் பூண்டுதான்.”