இரண்டாவது கோடு

"எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு நர்ஸக்கா. இன்னிக்கு டெஸ்ட்ல மாட்டினா வேலை போயிடும்."

தையல் கம்பெனியின் முதலுதவி அறை வாசலில் நின்று அவள் கிசுகிசுத்தாள். சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடும் காஜா மெஷின் அவளுடையது. அதனால் கம்பெனி முழுக்க அவள் பெயரே காஜா.

வேலை நிரந்தரமாகாத பெண்களுக்கு அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை. ஸ்ட்ரிப்பில் ஒரு கோடு வந்தால் மெஷினுக்குத் திரும்பலாம். இரண்டு கோடு வந்தால் வீட்டுக்குப் போகலாம். பிள்ளை பெறப்போகிறவளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்துத் தொலைக்க வேண்டுமே என்ற நல்லெண்ணம்தான் காரணம்.

"புருஷன் என்ன பண்றாரு?"

"வேலை தேடுறாரு. என் சம்பளத்துலதான் அடுப்பே எரியுது. அடுத்த மாசம் எனக்கு நிரந்தரமாகிடும்க்கா. நீங்க மனசு வெச்சா முடியும்னு சொன்னாங்க..."

"எவ சொன்னது? வாயை மூடிக்கிட்டுப் போய் பாட்டில்ல புடிச்சுட்டு வா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

நர்ஸக்கா பேச்சு அப்படித்தான் கரடுமுரடாக இருக்கும். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை என்று தினமும் மாமியாரிடம் இடிபட்டுவிட்டு, இங்கே வந்து ஊரார் வயிற்றையெல்லாம் சோதிக்கிறவள். அவள் தயவில் தப்பியவர்கள் நிறைய பேர் என்று கழிப்பறைப் பக்கம் பேச்சு உண்டு. எப்படித் தப்பினார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

காஜா பாட்டிலோடு திரும்பி வந்தபோது மேஜைக்கு எதிரே மேனேஜரம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப நாளா இங்க ஒருத்திகூட மாட்டலையாமே! அப்படி என்ன அதிசயம்னு பாக்க வந்தேன்" என்றாள்.

நர்ஸக்கா பாட்டிலை வாங்கினாள். திரைக்குப் பின்னால் போய்க் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். பாட்டிலை மேஜையில் வைத்து, ஸ்ட்ரிப்பை நனைத்தாள்.

ஒரு கோடு வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாவதும் வந்தது.

"சாயங்காலமே கணக்கை முடிச்சுட்டுக் கிளம்பும்மா" என்றாள் மேனேஜரம்மா.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே என்று காஜாவுக்கு ஆத்திரம் பொங்கியது. நர்ஸக்காவோ பேயறைந்தவள் போல ஸ்ட்ரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்... இந்த ஸ்ட்ரிப் பெட்டி சரியில்லையோன்னு தோணுது. வெயில்ல கிடந்துச்சு."

மேனேஜரம்மா சிரித்தாள். "சாக்குக்குக் குறைச்சலே இல்ல. சரி, உங்ககிட்டயே போட்டுப் பாத்துடுங்க. உங்களைவிட நம்பகமான ஆள் இந்தக் கம்பெனியில யாரு? உங்களுக்கே ரெண்டு கோடு வந்தா, பெட்டி கெட்டுப்போச்சுன்னு நான் ஒத்துக்கறேன்."

அத்தனை ஆத்திரத்திலும் காஜாவுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. நர்ஸக்கா ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போனாள். மேனேஜரம்மா கதவருகே காவல் நின்றாள்.

திரும்பி வந்து நனைத்த ஸ்ட்ரிப்பிலும் பளிச்சென்று இரண்டு கோடு.

மேனேஜரம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "உங்களுக்கேவா! சுத்த டுபாக்கூர் பெட்டி." பெட்டியையும் இரண்டு ஸ்ட்ரிப்பையும் குப்பைக்கூடையில் போட்டாள். "நீ போய் வேலையைப் பாரும்மா. புதுப் பெட்டி வரட்டும், அடுத்த தடவை பாத்துக்கலாம்." சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

காஜா ஓடிவந்து நர்ஸக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்க்கா. முதல்ல கைவிட்டாலும் கடைசியில காப்பாத்திட்டீங்க. ரெண்டாவதுக்கும் என்னோடதையே ஊத்தி ஏமாத்திட்டீங்கதானே?"

நர்ஸக்கா தன் வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து காஜா கொடுத்த பாட்டிலை எடுத்து அவள் கையில் வைத்தாள். கொடுத்தபடியே நிறைந்திருந்தது, மூடிகூடத் திறக்கவில்லை.

"உன்னோடதை நான் தொடவே இல்லடி. எப்பவும் உங்க எல்லாருக்கும் திரைக்குப் பின்னால என்னோடதைத்தான் மாத்தி வெப்பேன், ஒரு கோட்டுக்கு மேல வராதுங்கிற தைரியத்துல" என்றவள், குப்பைக்கூடையருகே மண்டியிட்டு, அந்த இரண்டு ஸ்ட்ரிப்புகளையும் தேடி எடுத்துக் கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு, ஓவென்று அழத் தொடங்கினாள்.