நலம் விசாரிப்பு

மருத்துவமனையின் பழைய ஸ்கேன் படங்கள் எல்லாம் அந்த ஒரு கணினிச் சேமிப்புப் பெட்டியில்தான் இருந்தன. வேறு நகல் இல்லை. அதன் டிஸ்க் பழுதாகி வந்ததால், கண்காணிப்பு அறையிலிருந்து நெட்வொர்க் வழியாக நிமிடத்துக்கு ஒருமுறை அதை நலம் விசாரித்தார்கள். ஒவ்வொரு முறையும் அது டிஸ்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். பதில் தாமதமானதும் பயந்துபோய் இன்னும் அடிக்கடி கேட்டார்கள். மேலாளர் கதிரேசன் தன் மேசைக் கணினியையும் தனியாகக் கேட்க வைத்தார். படங்களை வேறிடத்தில் காப்பாற்றி வைக்கக் காலையில் தொடங்கிய நகலெடுப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ஐசியூ வாசல்ல சொந்தக்காரங்க மாதிரி நிக்கிறோம் சார்," என்றாள் கண்காணிப்புப் பணியிலிருந்த யூனிஸ். "நமக்குப் பதில் சொல்லியே அது ஓஞ்சு போகுது. எல்லாத்தையும் நிறுத்திடலாம்."

"நிறுத்திட்டா, செத்துப்போனா எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது சார்."

"நல்லா சொன்னீங்க போங்க." அவர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "நிறுத்துங்க. ஆனா என்னைக் கேக்கலைன்னு வச்சுக்குங்க."

அவள் கேள்விகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். சுவர்த்திரையில் சிவப்பாக இருந்த அதன் கட்டம், தகவல் வராததால் சாம்பல் நிறமானது. நகலெடுப்பு மறுபடி நகர்கிறதா என்று அறியவும் அந்தச் சேமிப்புப் பெட்டியைத்தான் கேட்க வேண்டும். இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரே ஒரு தடவை பாத்துடலாமா?" என்றார் கதிரேசன்.

அவர் கை தானாக மவுஸுக்குப் போனது. யூனிஸ் மவுஸை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.